கேட்பாரற்ற வண்டிக்கு இரண்டு மாலை

அத்தியாயம் 17

திங்கட்கிழமை காலை கள்ளக்குறிச்சி நகராட்சிக் கிடங்கில் இருந்தவர்கள்:

அமிர்தம். வண்டி இவள் பேரில் இருக்கிறது. மகளிர் குழுக் கடனில் வாங்கிய சின்ன லோடு வண்டி. ஆர்.சி. புத்தகம் இவள் பையில்.

சுபஸ்ரீ. அமிர்தத்தின் மகள். இனிமேல் வண்டியை ஓட்டப் போகிறவள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கந்தசாமி. கச்சிராயபாளையம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். வண்டி இரண்டு வருஷமாக நின்றது இவர் கடைக்கு எதிரில்.

பகலவன். கிடங்கின் மேற்பார்வையாளர். சாயங்காலம் ஐந்து மணிக்கு கேட்டைப் பூட்டுகிறவர்.

வர வேண்டியவர் ஒருவர்: பூமாலை. அமிர்தத்தின் கணவர். வண்டிச் சாவி இவர் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை மலைமேல், கரியாலூரில் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மலையிலேயே குடியேறிவிடலாம் என்று பூமாலை சொன்னார். தியாகதுருகம் வீட்டை விட்டு வர மாட்டேன் என்று அமிர்தம் சொன்னாள். சண்டை ஓடுகிற வண்டிக்குள்ளேயே நடந்தது. கள்ளக்குறிச்சியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவர் மலை பஸ் ஏறினார். அவள் துருகம் பஸ் ஏறினாள். வண்டி நடுவில் நின்றது. முதலில் நகர்த்துகிறவர் தோற்றவர் என்று இரண்டு பேரும் மனசுக்குள் வைத்துக்கொண்டார்கள். யாரும் நகர்த்தவில்லை.

போன மாதம் நகராட்சி நகர்த்தியது. கண்ணாடியில் ஒட்டிய நோட்டீஸ் வெயிலில் வெளுத்து உதிர்ந்ததும் கிரேன் வந்து தூக்கிக்கொண்டு போனது. நாளைக்கு ஏலம்.

"எல்லாம் சரியா இருக்குதும்மா" என்றார் பகலவன். ஆர்.சி., ஆதார், கேஸ் எதுவும் இல்லை என்று போலீஸ் கொடுத்த சீட்டு, சுபஸ்ரீ போனிலேயே புதுப்பித்த இன்சூரன்ஸ். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கல்லை எடுத்து மேலே வைத்தார். காற்று அடித்துக்கொண்டிருந்தது. "சாவிதான் இல்ல."

"சாவி எதுக்கு சார்? கயிறு கட்டி இழுத்துக்கினு பூடுறோம்" என்றாள் அமிர்தம்.

"ஸ்டியரிங் லாக் ஆயிருக்குது. சக்கரம் திரும்பாது. இழுத்தீங்கன்னா நேரா போயி என் ஆபீஸ்லதான் முட்டும்."

"ஒடைச்சிட்டா?"

"ஒடைக்க வுடமாட்டேன். இன்னிக்கு நீங்க ஒடைப்பீங்க. நாளைக்கு எவனோ வந்து அடுத்தவன் வண்டிய ஒடைச்சிக்கினு போவான். பதில் சொல்றது யாரு?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அமிர்தத்துக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கிடங்கில் வண்டிகள் வரிசையாக நின்றன. டயர் இல்லாத ஆட்டோக்கள், கொடி சுற்றிய பைக்குகள், கூரை போன ஒரு வேன். எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் ஆள் இருந்தது. சிலருக்குக் கடன், சிலருக்குச் சாவு, சிலருக்குச் சோம்பல். காரணம் எதுவானாலும் தூசி ஒரே மாதிரிதான் படிகிறது.

பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்திருந்தார்கள். நாளைய ஏலத்துக்கு முன்னால் பார்த்து வைத்துக்கொள்ள. அவர்களில் ஒருவர் அமிர்தத்தின் வண்டி பம்பரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து சேஸிஸைப் பார்த்தார்.

"இன்னா பாக்கற?" என்றாள் அமிர்தம்.

"வெயிட்டு பாக்கறேன்மா."

"கைய எட்றா. அது ஓடற வண்டி."

"ஓடற வண்டி ஏன் இங்க நிக்குது?"

அவர் சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

சுபஸ்ரீ கேட்டுக்கு வெளியே போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். காலையிலிருந்து அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கரியாலூரில் பலாப்பழம் இறக்குகிற காலம். இருசம்மாள் என்கிற மலைக்காரம்மா தன் தோட்டத்துப் பழம் முழுக்க இவளிடமே ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். வண்டி இருந்தால். இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறான். அமிர்தத்துக்கு வண்டி மேல் ஆசை எப்போதோ போய்விட்டது. மகளுக்காகத்தான் வந்திருந்தாள். இந்த வண்டி இரும்பாகப் போனால் இன்னொன்று வாங்க அந்தக் குடும்பத்தால் முடியாது. அது மூன்று பேருக்கும் தெரியும்.

"வர மாட்டாருடி உங்கப்பா."

"வரேன்னு சொன்னாரும்மா."

"ரெண்டு வருசமா வரேன்னு சொல்லாம இருந்தாரு. இப்ப சொல்லிட்டு வராம இருக்காரு. இன்னா வித்தியாசம்?"

கந்தசாமி மட்டும் நிம்மதியாக இருந்தார். கொண்டுவந்த பேட்டரி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பகலவன் டப்பாவைத் திறந்தபோது பூமாலை வந்தார். ஒரு தோளில் பலாப்பழம். இன்னொரு தோளில் வாய் கட்டிய சாக்கு. கொஞ்சம் மெலிந்திருந்தார். மீசை நரைத்திருந்தது. அமிர்தம் அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏம்பா இவ்ளோ நேரம்?" என்றாள் சுபஸ்ரீ.

"மொத பஸ்ஸ வுட்டுட்டேன். ரெண்டாவது பஸ்ஸு கச்சிராயபாளையத்தாண்ட டயர் வெடிச்சி நின்னுபோச்சி."

"எனக்கு ஒரு போன் போட்டிருந்தா நானே வந்து ஒட்டியிருப்பேன்" என்றார் கந்தசாமி.

பூமாலை பழத்தையும் சாக்கையும் கேட்டருகே இறக்கி வைத்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவில் கை வைத்தார். எடுத்துவிட்டார்.

"சாவி குடுப்பா."

"குடுக்கறேன். வண்டிய நான் மலைக்கு எடுத்துக்கினு போறேன். அங்க கெழங்கு லோடு நெறைய இருக்குது. ஒங்கம்மாகிட்ட சொல்லு."

அம்மா நாலடி தூரத்தில் நின்றாள்.

"வண்டி யார் பேர்ல இருக்குதுன்னு ஒங்கப்பாவ கேளு."

"சாவி யார்கிட்ட இருக்குதுன்னு ஒங்கம்மாவ கேளு."

"வெறும் சாவிய வச்சிக்கினு அவரு மலைய சுத்தட்டும்."

"வெறும் பொஸ்தகத்த வச்சிக்கினு அவ ஊர்கோலம் போவட்டும்."

பகலவன் தயிர் சாதத்தில் கையை வைத்தபடி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து விண்ணப்பத்தை எடுத்தார்.

"சண்ட போடறவங்க போடுங்க. நான் இத எழுதிடறேன். வண்டிய ரோட்ல வுட்டதுக்குக் காரணம் இன்னா?"

"ரிப்பேர்" என்றாள் அமிர்தம்.

"ரிப்பேரா?" பூமாலைக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நேரத்தில் முதல் தடவையாக நேராக அவளைப் பார்த்துப் பேசினார். "யார் வண்டி ரிப்பேரு? ஒரு போல்ட்டு லூசா வச்சிருப்பனா நான்? ரெண்டு வருசமா எட்டிப் பாக்காதவ பேசற பேச்சா இது?"

"யாரு எட்டிப் பாக்காதவ? நீங்கதான் மலைமேல ஏறி ஒக்காந்துக்கினு வண்டி செத்துச்சா இருக்குதான்னு கேக்கல."

"நான் கேக்கலயா?"

"கேட்டீங்களா?"

கந்தசாமி டீ கிளாஸைத் தரையில் வைத்தார்.

"கொஞ்சம் ரெண்டு பேரும் சும்மா இருக்கறீங்களா? பகலவன் சார், நீங்களும் கேளுங்க. ஆயுதபூஜை அன்னிக்குக் காலையில இந்தம்மா வரும். எங்கடையில ஒரு பக்கெட் தண்ணி கேக்கும். வண்டிய தொடைக்கும். சந்தனம் வைக்கும், குங்குமம் வைக்கும், ஒரு மாலை போடும். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கும். போறப்ப, 'அண்ணே, அந்தாளுக்குத் தெரியக் கூடாது, சத்தியம் பண்ணு'ன்னும். பண்ணேன்."

அமிர்தம் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"அன்னிக்கே சாயங்காலம் இவரு வருவாரு. அதே பக்கெட்டு. இவரு ஒரு மாலை, இவரு பங்குக்குப் பழம். 'கந்தசாமி, அவளாண்ட சொல்லிடாத'ம்பாரு. அதுக்கும் ஒரு சத்தியம். மொத வருசமும் இப்படி. போன வருசமும் இப்படி. நான் இன்னா பண்ணுவேன்? என் வாய ரெண்டு பேரும் ரெண்டு பக்கமா தெச்சிட்டீங்க."

இரும்பு வியாபாரி கூட நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பூமாலைதான் முதலில் பேசினார். "நான் வரப்பவே ஒரு மாலை கெடக்கும். அது நீ போட்டதுன்னு நெனச்சேன் கந்தசாமி."

"நானா? எங்கடை கம்ப்ரசருக்கே நான் மாலை போட்டதில்ல."

"அதுக்குத்தானய்யா ஒனக்கு மொளகு கொண்டாந்து குடுத்தேன்."

"போன வருசம் வந்தப்ப காஞ்ச மாலை ரெண்டு தொங்குச்சி" என்றாள் அமிர்தம் மெதுவாக. "நானும் இன்னொண்ணு கந்தசாமி அண்ணன் போட்டதுன்னுதான் ஒரு மூட்ட வேர்க்கடல குடுத்தேன்."

"குடுத்தீங்க. ரெண்டும் நல்லா இருந்துச்சி" என்றார் கந்தசாமி. "ஏன் குடுக்கறீங்கன்னு நான் கேக்கல. குடுக்கறவங்கள கேக்கக் கூடாது."

பகலவன் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டார். "ஓ, அதானா? வண்டிய தூக்கறப்ப அடியில காஞ்ச பழமா உருண்டுதாம். கிரேன்காரன் பயந்துட்டான். எவனோ செய்வினை வச்ச வண்டி, நான் மறுபடி தொடமாட்டேன்னுட்டான். மூணு நாளு லீவு போட்டுட்டான்."

சுபஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கந்தசாமி சேர்ந்துகொண்டார். பூமாலை சிரிக்கவில்லை. ஆனால் முறைக்கவும் இல்லை. அமிர்தம் வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்தாள். வைப்பருக்குப் பின்னால் நாரும் சருகுமாக இரண்டு மாலைகள் சிக்கியிருந்தன. எது தன்னுடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. மாலை போட்டதனால் மலையில் குடியேற அவளுக்கு ஆசை வரவில்லை. துருகத்தில் இருக்க அவருக்குப் பொறுமை வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒன்று மட்டும் விளங்கியது. எதிராளி தோற்றுப்போக வேண்டும் என்று காத்திருந்த இரண்டு வருஷமும் எதிராளி தண்ணீர் பக்கெட்டோடு வந்து போயிருக்கிறார்.

"வண்டி யார் ஓட்டறது?" என்றார் பகலவன். "மணி ஆவுதுங்க."

"நான் ஓட்டறேன்" என்றாள் சுபஸ்ரீ. "காலையில மேல போவேன். லோடு ஏத்துவேன். சாயங்காலத்துல கீழ எறங்கிடுவேன். மலையில இருக்கறவங்க மலையில இருங்க. துருகத்துல இருக்கறவங்க துருகத்துல இருங்க. வண்டி ரெண்டு எடத்துக்கும் வரும்."

"நீயா?" பூமாலை அவளை மேலும் கீழும் பார்த்தார். "அது கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல. லோடோட எறங்கறப்ப பிரேக்க நம்பக் கூடாது, கியர நம்பணும். தெரியுமா?"

"ரெண்டாவது கியர்ல எறங்கணும். எதிர்ல பஸ்ஸு ஏறி வந்தா நாமதான் நிக்கணும். ஏர்றவனுக்குத்தான் வழி."

"இத யாரு சொன்னது?"

"ஒரு வருசமா தண்ணி கேன் வண்டி ஓட்டறேம்பா. துருகத்துல இருந்து ரிஷிவந்தியம் வரைக்கும். சங்கராபுரம் லைன்லயும் ஓட்டியிருக்கேன்."

பூமாலை இதை எதிர்பார்க்கவில்லை. அமிர்தத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்றதுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

அவர் சட்டைப் பையில் கை விட்டார். சாவியில் ஒரு கறுப்புக் கயிறு முடிந்திருந்தது. துரு இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார். மகளிடம் நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை மாற்றி அமிர்தத்திடம் நீட்டினார்.

"ஓனர்கிட்ட குடுக்கறேன். ஓனர் யாருக்கு வேணா குடுக்கட்டும்."

அமிர்தம் வாங்கினாள். ஒரு நொடி கையில் வைத்திருந்தாள். சுபஸ்ரீயிடம் கொடுத்தாள்.

பகலவன் விண்ணப்பத்தில், காரணம் என்ற இடத்தில், 'குடும்பக் காரணம்' என்று எழுதிக் கோடு போட்டார்.

கந்தசாமி பேட்டரியை மாட்டினார். காற்றுப் பிடித்தார். பிரேக்கை மிதிக்கச் சொல்லி அடியில் படுத்துப் பார்த்தார். பூமாலையும் பக்கத்தில் படுத்தார். இரண்டு ஆண்கள் வண்டிக்கு அடியிலிருந்து ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது வெளியே கேட்டது.

அப்போதுதான் சுபஸ்ரீயின் போன் அடித்தது. இருசம்மாள்.

"வண்டி கெடச்சிடுச்சா பாப்பா?"

"கெடச்சிடுச்சிக்கா. பட்டறையில காட்டி, வண்டி நல்லா இருக்குதுன்னு எஃப்.சி. சீட்டு எடுத்ததும் வந்துடறேன். நாலு நாளு பழத்த புடிச்சி வைங்க."

"வைக்கறேன். ஒங்கப்பா வந்து சேந்தாரா?"

"வந்துட்டாரு."

"சாமானெல்லாம் பத்திரமா வந்துச்சா? ரூம காலி பண்ணிட்டுத்தான எறங்குனாரு. ரூம் சாவிய எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனாரு."

சுபஸ்ரீ கேட்டருகே வைத்திருந்த சாக்கைப் பார்த்தாள். கட்டின வாயில் தலையணை உறையின் ஓரம் பிதுங்கிக்கொண்டிருந்தது. வண்டியை மலைக்கு எடுத்துப் போவேன் என்றவர் படுக்கையோடு இறங்கி வந்திருக்கிறார்.

"ஏங்கா? அங்க இன்னா ஆச்சி?"

மறுமுனையில் இருசம்மாள் கோழியை விரட்டினாள்.

"அத அவரையே கேளு பாப்பா. நான் சொன்னா நல்லா இருக்காது. அவருக்குத் தப்பா ஒண்ணும் இல்ல. கேளு."

போன் நின்றது. அமிர்தம் பக்கத்தில் வந்து, யார் என்று கண்ணால் கேட்டாள். "பலாப்பழம்" என்றாள் சுபஸ்ரீ. பொய் இல்லை.

வண்டி மூன்றாவது தடவையில் பிடித்தது. கறுப்புப் புகை விட்டு, இருமி, பிறகு சீராக ஓடியது. இரும்பு வியாபாரி, "எனக்கு இல்லன்னு இருக்குது" என்று சொல்லிவிட்டு கூரை போன வேன் பக்கம் போனார்.

"எஃப்.சி. எடுக்கற வரைக்கும் லோடு ஏத்தக் கூடாது" என்று பகலவன் எழுதி வாங்கிக்கொண்டார். "நேரா வூட்டுக்கோ பட்டறைக்கோதான் போவணும்."

கேபினில் இரண்டு பேர் உட்காரலாம். கேட்டைத் தாண்டியதும் பூமாலை பின்னால் ஏறிக்கொண்டார், பலாப்பழத்தைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, முதுகைக் கேபினில் சாய்த்து.

"இது லோடு இல்லியா?" என்று கேட்டார் கந்தசாமி.

"இதால ஒரு வெயிட்டும் இல்ல" என்றாள் அமிர்தம்.

துருகம் ரோட்டில் சுபஸ்ரீ மெதுவாகத்தான் ஓட்டினாள். வேகத்தடைக்கு முன்னால் கியர் மாற்றும்போதெல்லாம் பின் கண்ணாடியில் அப்பாவின் பின்னந்தலை தெரிந்தது. இரண்டு இடத்தில் அவர் காதைத் திருப்பி இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். துருகத்து மலைக்கோட்டை தெரிகிற வளைவு வந்ததும் அவள் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டாள். பின்னாலிருந்து அப்பா கேபினை இரண்டு தட்டுத் தட்டினார். வண்டிக்காரர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்: சரி, போ.

அமிர்தம் ஜன்னல் வழியாகக் கையை வெளியே வைத்துக்கொண்டு வந்தாள். அவள் சந்தோஷமாக இருந்தாள் என்றே சொல்ல வேண்டும். கேட்டால் காற்றுக்காக என்றிருப்பாள்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. பூமாலை இறங்கி, இரண்டு வருஷமாகப் பெயின்ட் அடிக்காத சுவரைப் பார்த்தார். அமிர்தம் கதவைத் திறந்தாள்.

"சோறு இருக்குது. கத்தரிக்காக் கொழம்பு பிரிட்ஜில இருக்குது. சூடு பண்ணிக்கணும்."

"நீங்க?"

"பட்டறை மூடறதுக்குள்ள வண்டிய வுட்டுட்டு வரோம்."

"நானும் வரேன். அவன் பிரேக்கு ஷூவ மாத்தாமயே மாத்திட்டேன்னு சொல்வான்."

"ஒங்க பொண்ணு பாத்துக்குவா. நீங்க ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கறீங்க. படுங்க."

அவர் வாசலிலேயே நின்றார். பலாப்பழத்தை ஒரு கையாலும் சாக்கை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி. பிறகு செருப்பைக் கழற்றினார். உள்ளே போனார்.

"இன்னா அது, இவ்ளோ பெரிய சாக்கு?" என்று அமிர்தம் பின்னாலிருந்து கேட்டாள்.

"துணி" என்றார்.

சுபஸ்ரீ வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று வேண்டாம் என்று நினைத்தாள். நாளைக்குக் கேட்கலாமா என்பதும் நிச்சயமில்லை.

அமிர்தம் கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். பூட்டை எடுத்தாள்.

"அம்மா, அப்பா உள்ள இருக்காரு."

"தெரியும்டி. பின்கதவு தெறந்துதான் கெடக்குது. போறதுனா போவட்டும்."

உள்ளே சாக்கு தரையில் விழுகிற சத்தம் கேட்டது. மின்விசிறி சுழல ஆரம்பித்தது. கட்டில் ஒரு தடவை முனகியது.

அமிர்தம் பூட்டைப் பூட்டினாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.